டீ சூடா இருந்துச்சா

அவர் டீ குடித்தது உண்மைதான். அன்று காலை ஆறே முக்காலுக்கு, ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலையில் ஏறுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் நின்றுகொண்டே அரை டம்ளர் குடித்தார். மீதியைக் குடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கடைக்காரர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கேமராவில் அது பதிவாகியிருந்தது.

மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பெண்ணையும் அவள் அம்மாவையும் அவர் ஆம்புலன்ஸில் ஏற்றியது பதினொன்றரைக்கு. மேம்பாலத்துக்கு முன்னால் சாலையை அடைத்திருந்தார்கள். மந்திரி வருகிறார் என்றார்கள். இரண்டு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று சொல்லியே பதினான்கு நிமிஷம் நிற்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அந்தப் பெண்ணின் கை பக்கவாட்டில் தொங்கியது. எடுத்து மேலே வைத்தவர் அவர்தான்.

மூன்றாம் நாள் ஒரு சின்னப் பத்திரிகையில் செய்தி வந்தது. அன்று சாயங்காலமே மந்திரி தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்தார். "என்னால ஒரு குழந்தை போயிடுச்சுங்கிறாங்க. அந்த டிரைவர் வழியில டீ குடிக்க நின்னிருக்காரு. ஆதாரம் இருக்கு" என்றார். நிகழ்ச்சியை நடத்தியவன் படத்தைப் போட்டான். டம்ளரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நேரம் தெரியவேண்டிய மூலையில் தொலைக்காட்சியின் முத்திரை. அவன் படத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டான்: "டீ சூடா இருந்துச்சா?"

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதுவே பேச்சு. பஸ்ஸில் தாமதமாக ஏறுகிறவனைக் கேட்டார்கள், அலுவலகத்தில் நாற்காலியில் இல்லாதவனைக் கேட்டார்கள். அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே கேட்டுவிட்டு, சும்மா தமாஷுக்கு என்றாராம். வீட்டில் மனைவி டீத்தூள் வாங்குவதை நிறுத்தினாள். "இனிமே நம்ம வீட்டுல காபிதான். யாராவது கேட்டா சூடாத்தான் இருக்குன்னு தைரியமா சொல்லலாம்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கூடப்பிறந்த அண்ணன் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ளும்போது மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான்டா. ஆனா டி.வி.ல காட்டினாங்களே. அது உன் சட்டைதானே." காலை ஆறே முக்கால் என்பதை அவர் அண்ணனிடம் மூன்றாவது முறையாக விளக்கினார். அண்ணன் தலையாட்டினார். நம்புகிறவர்கள் அப்படித் தலையாட்டுவதில்லை.

விசாரணை முடியும்வரை என்று சொல்லி அவரை வண்டி கழுவும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியவில்லை, ஏனென்றால் தொடங்கவேயில்லை. மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் ஆம்புலன்ஸ்களின் தரையை அவர் பினாயில் ஊற்றிக் கழுவினார். சில நாள் இருக்கைக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். ஜன்னலில் எடுத்து வைப்பார். கேட்டு யாரும் வந்ததில்லை.

மந்திரிமேலும் தொலைக்காட்சிமேலும் வழக்குப் போட ஒரு வக்கீலம்மாதான் ஒத்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், பேசும்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டேயிருப்பார். "ஜெயிக்கணும்னு போடாதீங்க. அவங்க சொன்னது பொய்யின்னு ஒரு பேப்பர்லயாவது இருக்கணும்னா போடுங்க" என்றார்.

"அது போதும்மா" என்றார் இவர். அப்போது அது போதும் என்றுதான் நினைத்தார்.

நான்கு வருஷம் போயிற்று. மந்திரிக்கு ஒரு வாய்தாவுக்கு முதுகுவலி, ஒரு வாய்தாவுக்கு வெளிநாட்டுப் பயணம், ஒரு வாய்தாவுக்குச் சட்டசபை. இடையில் தேர்தல் வந்து இன்னும் பெரிய மந்திரியானார். நிகழ்ச்சிக்காரன் ஒரே ஒருமுறை வந்தான். வராந்தாவில் ஊழியர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவரையும் தாண்டிப் போகாமல் நின்று, கையைப் பிடித்து, "எப்படி இருக்கீங்க? எந்த கேஸுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டான். நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லை. கை மெத்தென்று இருந்தது. இவர், "சொந்த கேஸுங்க" என்றார். "நல்லபடியா முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டீக்கடைக் கேமராவின் பதிவு எப்போதோ அழிந்துபோயிருந்தது. சாட்சி என்று இருந்தது அந்தப் பெண்ணின் அம்மா ஒருத்திதான். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை. சம்பவம் நடந்த மாதமே மந்திரியின் ஆட்கள் வந்து, அவள் கணவனுக்கு அரசாங்கக் கிடங்கில் காவலாளி வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது தெரிந்ததால் இவர் அவளிடம் போகவே தயங்கினார். நாலாம் வருஷம், வேறு வழியில்லை என்று வக்கீலம்மா சொன்ன பிறகு போய் நின்றார். அவள் கையிலிருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டாள்.

கூண்டில் ஏறி, வண்டி எங்கேயும் டீக்கடையில் நிற்கவில்லை என்றாள். போலீஸ்தான் நிறுத்தியது, பதினான்கு நிமிஷம் என்றாள். மந்திரியின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "ஏம்மா, குழந்தை அந்த நிலைமையில இருக்கும்போது கடிகாரத்தையா பாத்துட்டிருந்தீங்க?"

"கடிகாரம் பாக்கலைங்க. அவ மூச்சை எண்ணிட்டிருந்தேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டு, "சொல்லிட்டாங்க, எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நிகழ்ச்சிக்காரன் அவளுடைய படத்தைப் போட்டான். நான்கு வருஷம் வாய் திறக்காத தாய் இன்று திறக்கிறாள் என்றால் யார் திறக்க வைத்தது என்று கேட்டான். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அவள் பக்கத்தில் நிற்கும் படம் இருந்தது. அது ஏதோ ஒரு வரிசையில் நிற்கும்போது எடுத்தது. மறுவாரம் கணவனுக்கு வேலை போயிற்று. அதற்கு அடுத்த வாரம் அவன் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். செத்த பிள்ளையை விற்றவளோடு இருக்க முடியாது என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனானாம்.

கண்ணாடியைக் கழற்றிய நீதிபதிக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் தீர்ப்பெழுதினார். மந்திரி தமக்கு வந்த தகவலை நம்பிப் பேசியிருக்கிறார். தொலைக்காட்சி மந்திரியை நம்பி ஒளிபரப்பியிருக்கிறது. இருவருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. வழக்குத் தள்ளுபடி. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியை வக்கீலம்மா பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுத்தார். சம்பவ நேரத்தில் மனுதாரர் தேநீர் அருந்தவில்லை என்பதை இந்த நீதிமன்றம் குறித்துக்கொள்கிறது.

"நீங்க கேட்ட பேப்பர் இதுதான்" என்றார். எந்தப் பத்திரிகையும் அந்த வரியைப் போடவில்லை. மந்திரி வென்றார் என்று போட்டார்கள்.

அவர் அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போனார். மத்தியான நேரம். கடையில் அவள் மட்டும் இருந்தாள். யாருடைய கணக்குப் பாடப் புத்தகத்துக்கோ அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தார். "என்னாலதான் உங்களுக்கு" என்று ஆரம்பித்தார்.

அவள் கையமர்த்தினாள். "ஒண்ணு கேக்கணும். அந்த போலீஸ்காரர் சைரனை நிறுத்தச் சொன்னாரு. நீங்க நிறுத்திட்டீங்க."

இதை அவர் எந்த மனுவிலும் எழுதியதில்லை. வக்கீலம்மாவிடம் சொன்னதில்லை, மனைவியிடம்கூட இல்லை.

"மந்திரி வர்ற நேரம், சத்தம் கூடாதுன்னாரு" என்றார்.

"அவர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அவர் யோசித்தார். பயம் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கணத்தில் பயந்ததாகக்கூட நினைவில்லை. சொன்னார்கள், கை போய் அணைத்தது.

"கோர்ட்ல ஏன் சொல்லலைம்மா?"

"யாரும் கேக்கலை." அவள் அட்டையின் ஓரத்தை விரலால் நீவினாள். "சத்தம் நின்னதும் அவ கண்ணைத் தொறந்தா. வந்துட்டமாம்மான்னு கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன்."

அவர் தீர்ப்பு நகலை மேஜைமேல் வைத்தார். பசை படாமல் அதை அவள் ஒரு பக்கம் நகர்த்தினாள். புத்தகத்தை இரும்பு அழுத்தியில் வைத்து, இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினாள். கடைசிச் சுற்றுக்கு உடம்பின் பாரத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருந்தது. தாள்களின் விளிம்பில் பசை வெள்ளையாக ஒரு கோடு பிதுங்கி வந்தது. அது காய்வதற்குள் வழித்தெடுக்க அவள் குனிந்தாள்.