உச்சவரம்பும் இரண்டு கோல்கீப்பர்களும்

1

இந்தக் கதை மந்தாரக்குப்பத்தில் ஒரு சலூனில், எனக்குப் பாதிச் சவரம் ஆகியிருந்தபோது பிறந்தது. இதைவிட மரியாதையான பிறப்பிடம் எதையாவது சொல்லலாம்தான். சலூன்காரர் இதைப் படிப்பார், மாட்டிக்கொள்வேன்.

கடை டிவியின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்து, அது ஏதோ ஒரு விளையாட்டுச் சேனலிலேயே நின்றுபோயிருந்தது. வெளிநாட்டில் பனித்தரை ஹாக்கி வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் சம்பள உச்சவரம்பில் தகராறு முற்றி, ஒரு பருவம் முழுக்க ஆட்டமே நடக்காமல் போன பழைய விவகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில், முதல் ஷிப்டு முடித்து வந்த ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி. திரையில் இருக்கும் வீரர்கள் எல்லாருமே காண்ட்ராக்ட்தான் என்று யாரோ சொன்னதும், கழுத்தில் கத்தி இருப்பதையும் மறந்து திரும்பினார்.

"இன்னாது, அங்கயும் காண்ட்ராக்ட்டா? அப்போ பர்மனென்ட்டு யாரு?"

சலூன்காரர் அவர் தலையைப் பிடித்து நேராகத் திருப்பினார். நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: நெய்வேலியில் அன்று பனி கொட்டிக்கொண்டி

வேண்டாம். இங்கே கொட்டுவது கரிச்சாம்பல். கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாம் ஆரம்பம்: பனித்தரை ஹாக்கியின் தோற்றம் குறித்து அறிஞர்களிடையே

இதுவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: அணிக்கு ஆறு பேர், காலில் சறுக்குக் காலணி, கையில் வளைந்த மட்டை, அடிப்பதற்குக் கறுப்பு ரப்பர் வட்டு. வலைக்கு முன்னால் நின்று அந்த வட்டை உடம்பில் வாங்கிக்கொள்பவன் கோல்கீப்பர்.

மூன்றாவது ஆரம்பம் தாக்குப்பிடித்தது.

3

செங்குட்டுவன் பருமனான ஆள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடும் வேலை. அந்த இடுக்கில் நுழைய அவன் உடம்பு ஒத்துழைக்காது, ஆனாலும் நுழைவான். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், சீருடைச் சட்டையின் நிறம் மாறியது, அவன் மட்டும் மாறாமல் காண்ட்ராக்ட்டாகவே இருந்தான். பர்மனென்ட் ஆகும் வரிசையில் அவன் பெயர் பொங்கலுக்குப் பொங்கல் ஓர் இடம் நகரும்.

அதே காலத்தில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி பன்னீர்செல்வம், பலாச்சுளையை உறைய வைத்துக் கப்பலேற்றலாம் என்று மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு பிரம்மாண்டமான குளிர்கிடங்கைக் கட்டினார். வாங்குவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வாங்கி வைத்த சுளைகளை அள்ளிக் கொட்டியதும் கிடங்கு காலி. தரையில் தண்ணீர் ஒழுகி உறைந்து கிடந்ததில் ஒருநாள் அவரே வழுக்கி விழுந்தார். எழுந்திருக்கவில்லை, படுத்த வாக்கிலேயே கூரையைப் பார்த்து யோசித்தார். மறு வாரம் வாசலில் போர்டு தொங்கியது: தென்னார்க்காடு பனித்தரை ஹாக்கி லீக்.*

* பனித்தரையில் கடைசிவரை பலாச்சுளை வாசம் போகவில்லை. ஆட்டத்தின் நடுவே ஈ மொய்த்த ஒரே பனித்தரை இதுவாகத்தான் இருக்கும்.

பன்னீர்செல்வம் டீக்கடை வாசலில் செங்குட்டுவனைப் பார்த்தார். அவன் நின்றதால் உள்ளே இருந்தவர்களுக்கு வெளிச்சம் போகவில்லை.

"தம்பி, சறுக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நல்லதாப் போச்சு. நீ நகரவே கூடாது. வலைய மறைச்சிகினு நின்னா போதும்."

"காண்ட்ராக்ட்டு வேலைங்களா?"

"பர்மனென்ட்டு."

அந்தச் சொல்லை இன்னொருவர் வாயால் தன்னை நோக்கி அவன் கேட்டது அதுவே முதல் தடவை. அடுத்த நாள் காலை சுரங்கத்தின் கேட் பாஸை ஒப்படைத்துவிட்டான். அதோடு வரிசையில் அவன் இடமும் போயிற்று.

மனைவி மணிமொழி, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள். "எவ்ளோ சம்பளம்னு கேட்டீங்களா?"

"பர்மனென்ட்டுடீ."

"அதான் கேக்கறேன். எவ்ளோ?"

அவன் கேட்டிருக்கவில்லை.

4

இந்த இடத்தில் முதலில் ஒரு கனடாக்காரரை எழுதியிருந்தேன். தங்கநிறத் தலைமுடி, உடைந்த மூக்கு, எல்லாம் பொருத்தமாக இருந்தது. ஆனால் அவரைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தால் கதை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நீக்கிவிட்டேன். லடாக்கிலிருந்து ஸ்டான்சின் என்பவன் வந்தான். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். நடக்கப் பழகும் வயதிலேயே அவன் சறுக்கப் பழகியவன். பலா அணிக்கு அவன்தான் நட்சத்திரம். அதே அணிக்கு செங்குட்டுவன் கோல்கீப்பர். எதிர் அணி, முந்திரி அணி. அதன் கோல்கீப்பர் குழந்தைவேல், குறிஞ்சிப்பாடிக்காரர், பாய்லர் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட்டை விட்டுவிட்டு வந்தவர்.

சில ஆட்டங்கள் நடந்தன. கூட்டம் வந்தது. மே மாத வெயிலில், குளிர்கிறது என்பதற்காகவே வந்தது.

பிறகு ஒருநாள் பன்னீர்செல்வம் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, "நம்ம லீக்ல சாலரி கேப் உண்டு," என்றார்.

"எத்தினி நாள் கேப்புங்க?" என்று கேட்டார் குழந்தைவேல். சம்பளம் இடைவெளி விட்டு வருவது அவருக்குப் பழகிய விஷயம்.

"அந்த கேப் இல்லப்பா. உச்சவரம்பு."

"அது நெலத்துக்குத்தான? எனக்கு நெலமே இல்லீங்களே."

பன்னீர்செல்வம் பொறுமையாக விளக்கினார். ஓர் அணிக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. பலா அணியில் பெரும்பகுதி ஸ்டான்சினுக்குப் போகும். மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். முந்திரி அணியில் நட்சத்திரம் யாரும் இல்லை என்பதால் வரம்பே கீழே. செங்குட்டுவன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். கரி வாரியபோது வந்ததைவிடக் குறைவு.

"எதுக்குங்க இப்பிடி ஒரு வரம்பு?"

"எதிர் டீம் மொதலாளி அதிகமாக் குடுத்து உன்ன இழுத்துகினு போயிடக் கூடாதுல்ல? போட்டி சமமா இருக்கணும்."

"எதிர் டீம் மொதலாளி யாருங்க?"

"நான்தான்."

 குழந்தைவேல் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"பர்மனென்ட்டுன்னு சொன்னீங்களே?" என்றான் செங்குட்டுவன்.

"ஆமா. சீசன் முடியற வரைக்கும் பர்மனென்ட்டு."

5

நெய்வேலி டவுன்ஷிப்பில் சங்கக் கொடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லித்தர ஒன்றுமில்லை. மதியமே சங்கம் பிறந்தது. கொடியின் நிறத்தில் சண்டை வந்து மாலைக்குள் சங்கங்கள் நான்கு ஆயின. வீரர்கள் பன்னிரண்டு பேர். ஸ்டான்சினுக்கு மொழி புரியாததால் கேட்டவர்களிடமெல்லாம் கையெழுத்துப் போட்டு, இரண்டு சங்கங்களுக்குப் பொருளாளர் ஆனான்.

யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மிஞ்சியவர்கள் இரண்டு கோல்கீப்பர்கள். தளத்தின் இரு கோடிகளில் நிற்பவர்கள். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

"நம்ம ரெண்டு பேரும் ஒரு சங்கமாப் போயிடலாமா, குட்டுவா?" என்று அருகில் வந்து குந்தினார் குழந்தைவேல்.

"நீங்க எதிர் டீமாச்சேண்ணே?"

"அடி வாங்கறதுல இன்னாடா எதிரு? அங்க அடிக்கற ரப்பரு எனக்கு வலிக்குது, இங்க அடிக்கறது உனக்கு வலிக்குது."

அந்த ரப்பர் வட்டு, தேய்ந்து கழித்த கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டியது. செங்குட்டுவனுக்கு அதன் வாசனை பழக்கம். தனக்கு வலிக்கிறது என்பதை ஒருவர் இப்படிக் கவனித்துச் சொன்னது அவனுக்கு என்னவோ செய்தது. (இந்த 'என்னவோ'வுக்குச் சரியான சொல்லை இரண்டு நாள் தேடினேன். அவனுக்கே தெரியாதபோது நான் என்ன செய்ய?) கோல்கீப்பர் சங்கம் உதயமானது. செங்குட்டுவன் தலைவர்; குழந்தைவேல் உறுப்பினர்கள்.

6

வேலைநிறுத்தம் தொடங்கியது. வாசலில் பந்தல் போட்டு, நெஞ்சுக் கவசமும் கால் கவசமும் மாட்டிக்கொண்டு, அக்னி நட்சத்திர வெயிலில் உட்கார்ந்தார்கள். உடுப்பில்லாமல் உட்கார்ந்தால் வழிப்போக்கர்கள் கட்சிக் கூட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பதிலுக்குப் பன்னீர்செல்வம் கதவடைப்பு அறிவித்தார். கிடங்குக்குப் பெரிய பூட்டைப் போட்டுக் கரண்டை நிறுத்தினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் வாய்க்காலாக ஓடியது. குடங்களோடு பெண்கள் வந்தார்கள். எருமைகள் வந்து படுத்தன. பலாச்சுளை வாசத்துடன் சில்லென்ற தண்ணீர் பந்தலுக்குள் புகுந்ததும், கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த பன்னிரண்டு பேரும் காலை நீட்டிக் கண்ணை மூடினார்கள்.

"எங்க ஊர்ல," என்றான் ஸ்டான்சின், கற்றுக்கொண்ட தமிழில், "ஐஸ் சும்மா இருக்கும்ணா. யாரும் மொதலாளி இல்ல."

மணிமொழி சோற்றுத் தூக்கோடு வந்தாள். கணவன் கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாங்க, சுகமா இருக்கா?"

"ஜில்லுனு இருக்குடீ."

"உங்க வேலைதான் ஓடுது, பாத்துக்குங்க."

அவன் கண்ணைத் திறந்தான். காலுக்கு நடுவே ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்த்தான். இரண்டு கைகளாலும் அதைத் தடுக்கப் பார்த்தான். அவ்வளவு பெரிய உடம்பு. வட்டை மறிக்கத் தெரிந்த உடம்பு. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போனது.

7

பேச்சுவார்த்தைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி இளவேனில் அழைத்தார். (பனி உருகும் கதையில் அதிகாரிக்கு இளவேனில் என்று பெயரா என்று கேட்காதீர்கள். மாற்றிப் பார்த்தேன், அந்த அம்மாள் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்க்க மறுத்துவிட்டார்.)

மேசையின் ஒரு பக்கம் ஐந்து சங்கங்கள். மறுபக்கம் இரண்டு நாற்காலிகள், இரண்டு நிர்வாகங்களுக்காக. பன்னீர்செல்வம் முதலில் பலா அணியின் நாற்காலியில் அமர்ந்தார்.

"நான் கோப்பைய ஜெயிக்கணும் மேடம். நல்ல ஆளுங்க வேணும். வரம்ப ஒசத்தச் சம்மதம்."

வீரர்கள் கைதட்டினார்கள். அவர் எழுந்து முந்திரி அணியின் நாற்காலிக்கு மாறினார்.

"இவரு பேச்சக் கேக்காதீங்க மேடம். இவரு ஒசத்தினா நானும் ஒசத்தணும். நான் எங்க போறது?"

"நீங்க தாராளமாக் குடுக்கலாம்," பழைய நாற்காலி.

"உனக்கு இன்னா, அப்பன் சொத்து!" புதிய நாற்காலி.

இரண்டுக்கும் ஒரே அப்பன் என்பது எல்லாருக்கும் தெரியும். குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் முந்திரி அணியின் முதலாளி மேசையைத் தட்டிவிட்டு வெளிநடப்பு செய்தார். பலா அணியின் முதலாளி வேறு வழியில்லாமல் கூடவே போக வேண்டியதாயிற்று.

இளவேனில் ஆள் அனுப்பி அவரைத் திரும்ப வரவழைத்தார். "ஒரு நாற்காலியில உக்காருங்க. இவங்க சொல்றதுக்குப் பதில் சொல்லுங்க."

செங்குட்டுவன் எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசியவன் இல்லை. "வரம்பு கிரம்பு எனக்குப் புரியலீங்க மேடம். கேட் பாஸக் குடுத்துட்டு வந்துட்டேன். பர்மனென்ட்டுன்னு சொன்னாரு. அது மட்டும் வேணுங்க."

பன்னீர்செல்வம் உண்மையிலேயே வருந்தினார். "ஐஸே பர்மனென்ட்டு இல்லியே தம்பி."

"அது கரைஞ்சா மறுபடி ஒறைய கரண்ட்டு குடுக்கறீங்க. எனக்கு இன்னா குடுப்பீங்க மொதலாளி?"

 பன்னீர்செல்வம் மேசைமேல் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, எல்லாரும் எதிர்பார்த்ததைவிட நல்ல பதிலையும், எல்லாரும் பயந்ததைவிட மோசமான பதிலையும் ஒரே மூச்சில் சொன்னார். வரம்பை எடுத்துவிடுகிறார். நிஜமான பர்மனென்ட், ஓய்வு வயது வரை, எழுத்தில். ஆனால் ஒரே ஓர் அணிதான். இரண்டு அணிக்குத் தாங்காது.

"யாரோட ஆடுறதுங்க?" என்றார் குழந்தைவேல்.

"யாரும் இல்லன்னா நாமதான ஜெயிப்போம்?"

ஆறு பேர் இருக்கலாம், ஆறு பேர் போகலாம். யார் என்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்துகொள்ளட்டும். மற்ற நான்கு சங்கங்களும் அங்கேயே கத்த ஆரம்பித்தன. கோல்கீப்பர் சங்கத்தில் ஒருவர்தான் இருக்கலாம்.

"வெளிய போயி ஒரு டீ சாப்பிட்டுப் பேசிட்டு வாங்க," என்றார் இளவேனில் கோல்கீப்பர்கள் இருவரிடமும், தாழ்ந்த குரலில்.

8

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் குழந்தைவேல் விட்டுக்கொடுக்கிறார். "நீ சின்னப் பையன்டா, நீ இரு" என்று தோளைத் தட்டிவிட்டுக் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறுகிறார். எழுதியபோது கண் கலங்கியது. அடுத்த நாள் படித்தபோது, அவருக்கும் வீடு இருக்கிறதே, கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாளே, எனக்குக் கண் கலங்குவதற்காக அவர் ஏன் பஸ் ஏற வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவதில் செங்குட்டுவன் சுரங்கத்துக்கே திரும்பிப் போய், புதுச் சட்டையில், வரிசையின் கடைசியில்

முடிக்கவில்லை. மணிமொழியின் முகத்தை எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவதில் இருவரும் ஒரே வலைக்கு முன்னால், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எதிரணியே இல்லாத பனித்தரையில் நிற்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்திருந்ததாலேயே சந்தேகப்பட்டேன்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். டீக்கடையில் இருவரும் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சொல்லு, தலைவரே," என்றார் குழந்தைவேல்.

"நீங்கதான் உறுப்பினருங்க. நீங்க சொல்லுங்க."

"ஓட்டெடுப்பு வெச்சா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு."

"ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கே போட்டாலும் அதான். மாத்திப் போட்டாலும் அதான்."

இதில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது செங்குட்டுவனுக்கு மூச்சு வாங்கியது. குழந்தைவேல் அவன் முகத்தைப் பார்க்காமல், தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலக உதவியாளர் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "கோல்கீப்பர் சங்கம்! வேலையில இருக்கப்போற ஒருத்தர் மட்டும் வாங்க."

இருவரும் எழுந்தார்கள். ஒருவர் நிற்பார் என்று மற்றவர் நினைத்திருக்கலாம். யாரும் நிற்கவில்லை. மெதுவாக, பக்கம் பக்கமாக நடந்து படியேறி வந்தார்கள். அலுவலக வாசல் குறுகல், செங்குட்டுவன் ஒருவனே அதை அடைத்துவிடுவான். இப்போது அந்த வாசலில் நிற்பவர் நீங்கள். இவ்வளவு நேரமாக அங்கிருந்துதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் உங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். வழி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் வழி விடுகிறீர்களோ, அந்தப் பக்கம் நிற்பவர் முதலில் உள்ளே நுழைவார்.