தோற்றாலும் ஐரோப்பா

பஸ் இங்கிலாந்து எல்லையைத் தாண்டியதிலிருந்து மேனேஜர் மைரிக் உட்காரவில்லை. முன்னாலிருந்து பின்னால் போனான், பின்னாலிருந்து முன்னால் வந்தான். பையன்களின் தலைக்கு மேல் இருந்த பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எதையும் தேடவில்லை.

"பாஸ், நடந்தே போறதா இருந்தா சொல்லுங்க, பஸ் காசாவது மிஞ்சும்" என்றான் ரோலி. பான்ட் எர்வின் கால்பந்து அணியில் அதிக கோல் போட்டவன் அவன். முப்பத்தோரு வயது, முன்பல் ஒன்று கிடையாது.

மைரிக் சிரிக்கவில்லை. அந்த ரோலியைத்தான் இன்று ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறான். அதற்கான காரணம் முன்சீட்டில் இருந்தது. கிளப்பின் சேர்மன் பெய்னன், தொப்பியை முழங்காலில் வைத்தபடி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, பான்ட் எர்வின் வேல்ஸில் இருந்தாலும் ஆடுவது இங்கிலாந்தின் லீக்கில். நான்கு டிவிஷன்களில் கடைசியான நான்காவதில். அந்த வருஷம் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்திருந்தார்கள். கடைசி நான்கு இடத்தில் முடிக்கிற கிளப்கள் தாமாகக் கீழே போய்விடுவதில்லை. ஜூன் மாதம் லண்டனில் கூடும் மற்ற கிளப்களிடம், எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். மேல் இரண்டு டிவிஷன்களில் உள்ள கிளப் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு. கீழே உள்ள இரண்டு டிவிஷன்களுக்கும் சேர்த்தே கைவிரலில் அடங்குகிற ஓட்டுகள்தான். உள்ளே வரத் துடிக்கும் வெளி கிளப்களும் அதே தேர்தலில் நிற்கும். பான்ட் எர்வின் இப்படிக் கேட்பது இது இரண்டாவது வருஷம். "இரண்டு மலை ஏறி, மழையில் நனைந்து, அங்கே போய் ஆட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு நாடு இருக்கிறதே" என்று சில இங்கிலாந்துக்காரர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். லீக்கை விட்டு வெளியே போனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளப்பையே பூட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது, வேல்ஸ் கோப்பை. அதை ஜெயிக்கும் அணி அடுத்த வருஷம் ஐரோப்பியப் போட்டிக்குப் போகும். எல்லையை ஒட்டிய சில இங்கிலாந்து கிளப்களையும் பழைய பழக்கத்தால் அதில் ஆட அழைப்பார்கள். அவர்கள் கோப்பையை ஜெயிக்கலாம், ஆனால் வேல்ஸின் பெயரில் ஐரோப்பா போக முடியாது. அப்போது இறுதியில் தோற்ற வேல்ஸ் அணிதான் போகும். இந்த வருஷ இறுதியாட்டம் பான்ட் எர்வினுக்கும் இங்கிலாந்தின் மார்ல்பரிக்கும். ஆக, பான்ட் எர்வின் தோற்றாலும் ஐரோப்பா உறுதி. மார்ல்பரிக்கோ ஜெயித்தாலும் கோப்பை மட்டும்தான். இரண்டு ஆட்டம் கொண்ட இறுதியில் முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. இரண்டாவதை ஆடத்தான் பஸ் போய்க்கொண்டிருந்தது.

மார்ல்பரி இரண்டாவது டிவிஷனில் இருந்தது. அதனால் அதற்கு ஓர் ஓட்டு உண்டு. அதற்குப் பின்னால் வேறு சில ஓட்டுகளும் நகரும்.

எல்லை வருமுன், டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பெய்னன் மைரிக்கைத் தனியாக அழைத்துப்போயிருந்தார். அவர் மூன்று கறிக்கடைகளுக்குச் சொந்தக்காரர். சிப்ஸில் வினிகர் ஊற்றும்போதும் கறி நிறுக்கிற கவனம் இருக்கும்.

"கிளேவரிங் நேத்து போன் பண்ணினான்." மார்ல்பரியின் சேர்மன் பெயர் அது. "நேரடியா ஒண்ணும் கேக்கல. 'எங்களுக்கு இந்தக் கோப்பை கிடைச்சா சந்தோஷப்படுவோம், சந்தோஷமா இருக்கிறவன் நண்பர்களை மறக்க மாட்டான்'னான். அவ்வளவுதான்."

"அவ்வளவு போதுமே, சேர்மன்."

"நாம ஐரோப்பா போயாச்சு. அந்த வெள்ளி ஜாடி அவன் அலமாரியில இருந்தா என்ன, நம்ம அலமாரியில இருந்தா என்ன? சின்னப் பசங்களை இறக்கு. ரோலிக்கு முழங்கால் வலின்னு சொல்லிடு."

"பசங்க கிட்ட?"

"பசங்க கிட்ட எதுக்கு? அவனுங்க ஓடட்டும். ஓடி ஜெயிக்கவா போறானுங்க?"

அவர் சொன்னதில் கணக்கு சரியாக இருந்தது. தோற்க யாரும் சொல்லவில்லை, பலவீனமான அணியை இறக்கத்தான் சொன்னார்கள். சோர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பது மேனேஜரின் உரிமை. இப்படி எல்லாத் துண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்து, சேர்த்துப் பார்த்தால் மட்டும் நாறியது.

பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஆட்ட மைதானத்தின் ஓரத்தில் நின்றான். நிற்கவும் முடியவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான்.

பையன்கள் ஓடினார்கள். அதுதான் தொந்தரவு. ஹெஃபின் என்ற இடதுபுற ஆட்டக்காரன், வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தவன், இன்று வாய்ப்புக் கிடைத்த வெறியில் மார்ல்பரியின் பின்வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஐரோப்பா போகும் அணியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி நேரத்துக்கு முன் மூலையிலிருந்து வந்த பந்தை நெற்றியால் தள்ளி உள்ளே போட்டான். பான்ட் எர்வின் ஒன்று, மார்ல்பரி பூஜ்யம்.

மேலே இருக்கையிலிருந்து பெய்னன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பக்கத்தில் கிளேவரிங், ஒட்டக நிறக் கோட்டில், அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாஸ், பாத்தீங்களா!" என்று பாதி நேரத்தில் ஹெஃபின் மூச்சு வாங்கினான். "அந்த ரெண்டாம் நம்பர் என்னைப் பாத்தாலே வழி விடுறான். ஜெயிக்கப் போறோம்!"

"தண்ணியைக் குடி முதல்ல" என்றான் மைரிக். அறையில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்ட உத்தி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார்கள். எப்போதும் பலகையில் கோடு கோடாகப் போட்டு, யார் எங்கே நின்றால் யாருக்கு இடம் பிறக்கும் என்று காட்டாமல் விடமாட்டான். இன்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் வரையவில்லை.

இரண்டாம் பாதியில் மார்ல்பரி வேகம் பிடித்தது. ஒரு நீண்ட பந்து, ஒரு தவறான உதை, சமம். அப்போது பெஞ்சில் ரோலி எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான்.

"உட்காரு, முழங்கால்" என்றான் மைரிக்.

"பாஸ், முழங்கால் என்னோடது. உங்களுக்கு எப்படி வலிக்குது?"

மைரிக் அவனைப் பார்த்தான். ரோலி குரலைத் தாழ்த்தினான். "சேர்மன் டீக்கடையில உங்களை இழுத்துட்டுப் போனப்பவே தெரியும், ஏதோ பேரம்னு. என்ன விலைன்னு நான் கேக்கல. ஆனா அந்தப் பசங்களுக்குத் தெரியாம அவனுங்களை வித்துட்டீங்கன்னா, அடுத்த வருஷம் யாரு பேச்சைக் கேட்டு ஓடுவானுங்க?"

மைரிக் மேலே இருக்கையைப் பார்த்தான். பெய்னன் தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டினார். கிளப் பிழைக்க வேண்டுமென்றால் இதுதான் வழி என்று அந்தத் தலையாட்டல் சொன்னது. பிழைக்காவிட்டால் இந்தப் பையன்களுக்கு ஓடும் இடமே கிடையாது. அதுவும் உண்மைதான்.

அப்புறம் அவனுக்கு லண்டன் ஞாபகம் வந்தது. போன வருஷம் பெய்னன் வந்து சொன்னது: சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவார்கள், யார் யாருக்குப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கிளேவரிங் கோப்பையை வாங்கிக்கொண்டு வேறு எவனுக்கோ போட்டாலும் தெரியாது. பார்க்க முடியாத சரக்குக்கு முன்பணமாக இந்தப் பையன்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"போ. இடதுபக்கம் இடம் இருக்கு. ஹெஃபின் வெளியே இழுப்பான், நீ உள்ளே போ" என்றான்.

ரோலி போனான். இறங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் ஹெஃபின் வெளியே இழுத்தான், ரோலி உள்ளே புகுந்து உதைத்தான். பந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு, கோட்டின் மேலேயே ஓடி, கோல்கீப்பரின் கைக்குப் போயிற்று. கீப்பர் அதை நீளமாக எறிந்தான். பான்ட் எர்வின் முழுவதும் முன்னால் நின்றது. பந்து நாலு கால் மாறுவதற்குள் மார்ல்பரி இரண்டாவது கோலைப் போட்டது. அதோடு முடிந்தது.

இருக்கைகளுக்கு அடியில் உள்ள நடையில், சேற்றுக் காலோடு நின்ற மைரிக்கிடம் கிளேவரிங் வந்து கைகொடுத்தார். அவர் பின்னால் ஒரு மேஜையில் கோப்பை இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"நன்றி. பெய்னன் வாக்கு மாற மாட்டார்னு தெரியும்" என்றார் மெல்ல.

உடன் நின்ற பெய்னன் மைரிக்கின் முழங்கையைப் பிடித்தார். சும்மா இரு என்பதுதான் அந்தப் பிடி. சும்மா இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"வாக்கெல்லாம் இல்லீங்க" என்றான் மைரிக். "நாங்க ஜெயிக்கத்தான் ஆடினோம். முதல் பாதியில நான் கொஞ்சம் கோணலா இருந்தேன், அது நிஜம். ரோலி இறங்கின பிறகு கோணல் இல்ல. எங்க கணக்குல இதை வரவு வைக்காதீங்க."

பெய்னன் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளேவரிங் அவன் கையை விட்டார். "கம்பத்துல பட்டதே, அது…"

"உள்ள போகணும்னுதான் அடிச்சான். போயிருந்தா கோப்பை எங்க பஸ்ல இருக்கும்."

"நிஜமாவா?"

"உங்க கீப்பரைக் கேளுங்க."

கிளேவரிங் திரும்பி மேஜையைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். முதல் டிவிஷனுக்குப் போகவே முடியாத ஒரு கிளப்பின் சேர்மன், தன் வாழ்நாளில் ஜெயிக்கக் கூடிய ஒரே கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். முகம் சிறு பிள்ளை மாதிரி ஆயிற்று. அவர் அப்படியே தன் ஆட்களைத் தேடி நடந்துபோனார்.

"அடப்பாவி, ஒரு ஓட்டு போச்சு" என்றார் பெய்னன்.

அதற்கப்புறம் ஜூன் வரை அவர் மைரிக்கிடம் அணியைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. மைரிக் ராத்திரிகளில் சமையலறையில் ஓட்டுகளைக் கூட்டிக் கழித்தான். எப்படிக் கூட்டினாலும் எங்கோ ஒன்று இடித்தது.

லண்டன் ஓட்டலில் மேனேஜர்களுக்குக் கூட்ட அறைக்குள் இடமில்லை. மைரிக் வெளியே நடந்தான். கதவு திறந்ததும் முதலில் பெய்னன் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"லீக்ல இருக்கோம்" என்றார். "மூணே ஓட்டு வித்தியாசத்துல. அடுத்த வருஷமும் இதே மாதிரி வந்தா என்னை அனுப்பாதே, நெஞ்சு தாங்காது."

பின்னால் வந்த கிளேவரிங் அவர்களைத் தாண்டிப் போகும்போது தலையை லேசாகச் சாய்த்தார். நிற்கவில்லை.

தெருவுக்கு வந்தபின் பெய்னன் கேட்டார்: "அவன் போட்டிருப்பானா?"

"தெரியாது. தெரியக்கூடாதுன்னுதானே சீட்டை மடிக்கிறாங்க."

"அதென்ன பதில்?"

"வேற பதில் இல்லையே, சேர்மன்" என்று சொல்லிக்கொண்டே மைரிக் சாலையைக் கடந்தான். செப்டம்பரில் ஐரோப்பாவில் எந்த ஊர் அணியோடு ஆட்டம் என்று இன்னும் சீட்டுக் குலுக்கவில்லை. ஹெஃபினுக்கு வலதுகாலால் உதைக்கச் சுத்தமாக வராது. அதற்குள் சரிசெய்ய வேண்டும். பின்னால் பெய்னன் மூச்சிரைக்க ஓடிவருவது கேட்டது.