சரியா என்று கேட்ட பல் டாக்டர்

கழுத்தில் கட்டிய காகிதத் துண்டைக்கூட அவிழ்க்காமல் அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். பல் டாக்டர் மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போனவள் பள்ளி பஸ் ஓட்டுபவள். நாற்பது வயதிருக்கும். கடைவாய்ப்பல்லில் வேர்வரை சீழ். உட்காருவதற்கு முன்பே, "சின்ன வயசுல எனக்குச் சில கெட்டது நடந்திருக்கு டாக்டர். மல்லாக்கப் படுத்தா ஒரு மாதிரி ஆயிடும். அதான் இத்தனை நாள் வரல" என்று சொல்லியிருந்தாள்.

டாக்டருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. இப்படிப்பட்டவர்களை எப்படி நடத்துவது என்று போன மாதம்தான் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். எதையும் கேட்டுவிட்டுச் செய் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றிலிருந்து கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில், "தண்ணி ஊத்தட்டுமா? சரியா?" என்று புருஷனிடமே கேட்டு, "என் பல்லு நல்லாத்தான் இருக்கு, ஆள விடு தாயே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பஸ்காரம்மாவிடமும் அதே கதைதான். குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "விளக்கப் போடட்டுமா? சரியா?" அவள் தலையாட்டினாள். "கன்னத்தத் தொடட்டுமா? சரியா?" தலையாட்டினாள். "இப்ப ஊசி. சரியா?" அதற்கும் தலையாட்டினாள். ஆட்டிய கையோடு எழுந்து ஓடிவிட்டாள்.

டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். நாற்காலி அதிகம் சாய்ந்துவிட்டதோ? கதவைத் திறந்துதானே வைத்திருந்தோம்? உதவிக்கு இருக்கும் அக்காவைக் கேட்டாள். "அவ்வளவு மெதுவாப் பேசினீங்க டாக்டர், எனக்கே தூக்கம் வந்துச்சு" என்றாள் அக்கா. குழப்பத்துக்கு அடியில் பயமும் இருந்தது. சீழ் தாடைக்கு இறங்கினால் ஆபத்து. இனி அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

வாரக் கடைசியில் அவளே வந்தாள். கன்னம் வீங்கிக் கிடந்தது. காகிதத் துண்டை மடித்து மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"நீங்க அதட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் டாக்டர். எங்க சித்தப்பா இருந்தான். ஒவ்வொண்ணுக்கும் கேப்பான். இதே மாதிரி மெதுவா. 'சரியா கண்ணு?'ன்னு. நான் தலையாட்டணும். ஆட்டுற வரைக்கும் காத்திருப்பான்."

டாக்டர் மேசைமேல் இருந்த காகிதத் துண்டைப் பார்த்தாள். கேட்காமல் தொடுவது தப்பு என்றார்கள். கேட்டது இப்படி ஆகிவிட்டது. இனி எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது?

"அப்ப நான் என்னதான் செய்யணும்? நிஜமாவே எனக்குத் தெரியல" என்றாள். குரலில் இப்போது தேன் இல்லை.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்ற பஸ்காரம்மா நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் தொங்கிய, அதைச் சாய்க்கும் பொத்தான் பெட்டியில் அவள் கண் நின்றது. "பஸ்ல என் கியர வேற யாரும் தொட்டா எனக்குப் பிடிக்காது. இத எங்கிட்டக் குடுங்க. நானே சாச்சுக்கறேன். அடுத்து என்னன்னு மட்டும் சாதாரணமாச் சொல்லுங்க. சரியான்னு கேக்காதீங்க. முடியும்போது நானே ஆரம்பிங்கன்னு சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

டாக்டர் பெட்டியைக் கொடுத்தாள். இது சரிவருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்காரம்மா உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நாற்காலி கொஞ்சம் சாய்ந்து நின்றது. மறுபடி கொஞ்சம் சாய்ந்தது. மறுபடி நின்றது.

"பல்லத் திறந்து சீழ எடுக்கணும். முதல்ல ஊசி" என்றாள் டாக்டர்.

பஸ்காரம்மா பொத்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "டாக்டர், நான் ஒண்ணு கேக்கட்டா?"

"ம்."

"சின்ன வயசுல அவன்கிட்ட நான் தலையாட்டினேன்ல. ஒவ்வொரு தடவையும். அது நானும் சம்மதிச்சதாத்தானே ஆகும்?"

இதற்குப் பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று டாக்டர் தேடினாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் குழம்பித் தவித்தவளுக்கு, இந்த ஒன்றில் மட்டும் துளிக் குழப்பமும் இல்லை.

"இல்ல" என்றாள். "ஆகாது."

பஸ்காரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்க நீண்ட கையை டாக்டர் மடக்கிக்கொண்டாள். நாற்காலி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"ஆரம்பிங்க."