டீச்சரை வரைதல்

ஓவியர் வரைந்த பெண்களுக்கு எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்ததில்லை. ஒருத்திக்குத் தோளில் இடுப்பு, இன்னொருத்திக்கு முழங்காலில் மூக்கு. மார்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்று தலைக்கு மேல் பட்டம் விடும், மற்றது மேசையில் ஆரஞ்சுப் பழங்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்துதான். அத்தனை பெண்களும் ஒரே ஆள், அவர் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே டீச்சர் என்று கூப்பிட, கட்டிய கணவருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"நான்தான்னு எவனும் கண்டுபிடிக்க மாட்டான், அதுவரைக்கும் நிம்மதி" என்பார் டீச்சர். உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை.

போன வருடம் அவருடைய இடது மார்பைக் கட்டியோடு எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியது, கொட்டிய முடியும் வளர்ந்தது. ஆனால் ஓவியர் பெண்களை வரைவதை அடியோடு விட்டுவிட்டார். வரைகிற திரைச்சீலை முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள். டீச்சர் சேலை மாற்றினால் அவசரமாக வெளியே போனார், துண்டு எடுத்துக் கொடுத்தால் தரையைப் பார்த்துக் கொடுத்தார். மனுஷர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அந்த மரியாதைதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் டீ கொண்டுபோன டீச்சர், வரையும் அறைக் கதவைத் தாழிட்டார். ரவிக்கையைக் கழற்றிவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வரைங்க."

"இப்ப எதுக்கு டீச்சர்? உடம்பு அசந்துபோகும்."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க கண்ணுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

ஓவியர் கரித்துண்டை எடுத்தார். கண்ணாடிச் சாமான் கடைக்குள் நுழைந்தவர் போல, பயந்து பயந்து பார்த்தார். முடித்துப் பலகையைத் திருப்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. படத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூக்கு முகத்தில், இடுப்பு இடுப்பில், தழும்பு தழும்பின் இடத்தில். அருமையான வேலை. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருங்க இது?"

"நீதான்."

"நானா? ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இப்படி ஒருத்தி இருந்தா. என்னைக்காவது என்னை ஒழுங்கா வரைஞ்சிருக்கீங்களா? ரெண்டும் இருந்தப்போ ரெண்டையும் ஊர் சுத்த விட்டீங்க. இப்ப ஒண்ணு நிஜமாவே கிளம்பிப் போயிருக்கு. இன்னைக்குப் போய் பயப்படுறீங்களே!"

ஓவியருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பலகையில் புதுத் தாளைக் குத்தினார். "போனதை எங்க வைக்கட்டும்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

கரி பழையபடி தாளில் ஓட ஆரம்பித்தது. முழங்காலில் மூக்கு முளைத்தது. இருக்கிற ஒன்று ஜன்னல் கட்டையில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. போன ஒன்று இரண்டு கால் முளைத்து, குடை பிடித்துக்கொண்டு தெருமுனையில் போய்க்கொண்டிருந்தது. தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தார் டீச்சர்.

"ஏங்க, வெறுங்காலோட அனுப்புறீங்களே, வெயில்ல சுடாதா? ஒரு செருப்பு போட்டு விடுங்க."

ஓவியர் செருப்பு போட்டார். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார், சாவகாசமாக, மேலிருந்து கீழ்வரை. டீ ஆறிப்போயிருந்தது. டீச்சர் ரவிக்கையைத் தேடவில்லை.