பேச்சு போட்டுக் காட்டுங்க

“கறுப்புதான் நல்லா இருக்குன்னு போன வாரம் நீதானே…”

“இங்க கேக்கும்போது நல்லா இருந்துச்சு. ஆபீசுக்குக் கொண்டு போனா…”

“வெள்ளைக்கும் இதையேதான் சொன்னே ரமணி” என்றான் அவள் கணவன் வேலாயுதம்.

“வெள்ளை தகர டப்பா. அதை ஏன் இழுக்கிறீங்க? அங்கிட்டுத் திரும்பி முணுமுணுக்காதீங்க, என் முகத்தைப் பாத்துப் பேசுங்க.”

பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமியின் ரேடியோ கடை. கண்ணாடிப் பெட்டிமேல் கறுப்பு ஹெட்போனும் வெள்ளை ஹெட்போனும் திரும்பி வந்து கிடந்தன. பக்கத்தில் தம்புசாமி சிவப்பு ஒன்றை எடுத்து வைத்தார்.

கிள்ளானில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை ரமணிக்கு. அவர் கேசட்டில் பேசி வைப்பதைக் காதில் மாட்டிக் கேட்டு அடிக்க வேண்டும். தைப்பூசம் முடிந்ததிலிருந்து வரி வரியாக விட்டுப் போகிறது. திங்கட்கிழமையும் இப்படி இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றுவிட்டார் வக்கீல். லோரியிலிருந்து விழுந்து இடுப்பு போன வேலாயுதம் வீட்டோடு இருக்கிறான். அவள் சம்பளம்தான் சோறு.

“இதைக் கேளும்மா” என்று வாக்மேனில் சிவப்பைச் செருகிக் கொடுத்தார் தம்புசாமி.

ரமணியின் முகம் மலர்ந்தது. “இதுதான் அண்ணே. மேளம் நெஞ்சுல வந்து அடிக்குது.”

“எல்லாத்துக்கும் உறுமி மேளமே போடுறீங்களே” என்றான் வேலாயுதம். “அவ கேக்குறது வக்கீல் பேச்சு. பேச்சு போட்டுக் காட்டுங்க.”

“பேச்சு போட்டா இந்த விலை சாமான் எதுவும் விக்காது லா. மேளம் போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். தொழில் ரகசியத்தை என் வாயாலயே சொல்ல வைக்கிறியே.”

“போடுங்கண்ணே. அவளுக்கு வேலை போயிடும்.”

சிரிப்பை விட்டுவிட்டு, கோயில் சொற்பொழிவு கேசட் ஒன்றைத் தேடிப் போட்டார் தம்புசாமி. முதலில் வேலாயுதம் மாட்டிக்கொண்டான். கறுப்பில் கொஞ்சம் மந்தம். வெள்ளையில் கீச்சென்று இருந்தாலும் ஒரு சொல்கூட நழுவவில்லை. சிவப்பில், பேசுகிறவர் தண்ணீர் விழுங்குவதும் கூட்டத்தில் யாரோ இருமுவதும் கேட்டன. மூன்றிலும் பேச்சு இருந்தது.

அவன் மெல்லக் கழற்றினான்.

“ரமணி, காதுல இன்னும் தண்ணி இருக்குன்னியே…”

“தைப்பூசத்துக்குப் பத்துமலை ஆத்துல குளிச்சது. தானா இறங்கும். தலையைச் சாய்ச்சுக் குதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“பால்குடத்தோட உறுமிக்காரங்க பக்கத்துலயே நடந்தியே. வழி முழுக்க.”

“உங்க இடுப்புக்குத்தானே வேண்டிக்கிட்டேன். இப்ப அதுக்கு என்ன? நேரம் போகுது, குடுங்க.”

சிவப்பை வாங்கி இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டாள். “சத்தத்தை ஏத்தாதீங்கண்ணே. ஆபீஸ் மெஷின் இவ்வளவுதான் வரும்.”

தம்புசாமி பட்டனை அமுக்கினார். வேலாயுதம் கேட்ட அதே சத்தம்தான். வாக்மேனின் சின்ன ஜன்னலில் கேசட் சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவள் கண்ணை மூடி, டைப் அடிக்கத் தயாராவதுபோல் பத்து விரலையும் கண்ணாடிமேல் வைத்தாள்.

விரல்கள் அசையவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தம்புசாமி வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதம் சக்கரத்தையே பார்த்தான்.

ரமணி கண்ணைத் திறந்தாள்.

“ஏண்ணே சும்மா நிக்கிறீங்க? போடுங்க லா.”