அக்கா பக்கம், தம்பி பக்கம்

“வண்டி உன் பக்கம்தான்டா திரும்புச்சு! அப்புறம் என் டயரை ஏன்டா சொல்றே?”

“என் பக்கம் பிடிச்சுது, அதனால திரும்புச்சு! உன் பக்கம் பிடிச்சிருந்தா நேரா நின்னிருக்கும்க்கா! டயரா வாங்கியிருக்கே? கருங்கல்லு!”

“அது உழைக்கிற டயர். உன்னோடது குளியல் சோப்பு. நாலு மழை வந்தா கரைஞ்சு போயிடும்!”

இந்தச் சத்தமெல்லாம் என் வாசலிலேயே நடந்ததால், ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்க்கிற சிரமம்கூட எனக்கு இல்லை. கொட்டுகிற மழையில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என் வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மூக்குக்கு அடியில் என் ரோஜாத் தொட்டி தூள் தூளாகிக் கிடந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு கீறல் இல்லை. தொட்டியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

எதிர்வீட்டுக்காரர்கள்தான். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இந்தத் தெருவில் அவள் குத்தாத கை கிடையாது என்பதால் ‘ஊசி’ என்றே பேர். தம்பி தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், அவன் ‘கண்ணாடி’. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு நான்தான் ஓய்ந்துபோனேன். பதில் சொல்லாமல் இருப்பதில் அவர்கள் ஓயவே இல்லை.

காரை வாங்கியவர் அவர்களுடைய அப்பா. பஸ் டிரைவர். வாழ்நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தையே சுமந்த மனிதர், ஓய்வு பெற்றதும், இனிமேல் பின்னால் ஒரு ஆத்மா உட்காரக் கூடாது என்று சொல்லி, இரண்டே சீட் உள்ள இந்த வண்டியைப் பழையதாகப் பார்த்து வாங்கினார். கண்ணை மூடும்போது வீட்டையும் காரையும் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி என்று விட்டுவிட்டுப் போனார்.

சரிபாதி என்றால் இவர்களிடம் அப்படியொரு சரிபாதி. பிரிட்ஜில் மேல் தட்டு அவளுக்கு, கீழ்த் தட்டு அவனுக்கு. துணி காயப்போடும் கயிற்றில்கூட நடுவில் ஒரு முடிச்சு. காரில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம் தம்பியுடையது, மற்றது அக்காவுடையது. கழுவுவதும் அப்படியே. தம்பி சோம்பிவிட்டால் கார் பாதி பளபளப்பாகவும் பாதி புழுதியாகவும் போகும். தெருவில் போனது ஒரு வண்டி, திரும்பி வந்தது வேறொரு வண்டி என்று புதிதாகக் குடிவந்தவர்கள் குழம்பியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. வெறும் வயிற்று ரத்தம் எடுக்க அவள் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அவன் கடையை மூடிவிட்டு வரும்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். வாரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வீடு அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் காரில் ஏரிவரை போய்வருவார்கள். போகும்போது சண்டை, திரும்பும்போது சிரிப்பு. அந்தக் கார் போய்விட்டால் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள், அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் நான்கும் மொட்டையாகிவிட்டன. அந்தக் காருக்கென்றே வரும் டயரின் விலையைக் கேட்டு இருவருக்கும் மயக்கம் வராத குறை. மலிவாகப் பார்க்கலாம் என்று முடிவானது. வேறு யாராவது என்றால் ஒரு கடைக்குப் போய் நான்கு டயர் வாங்கியிருப்பார்கள். இவர்கள் அவரவர் பக்கத்துக்கு அவரவர் வாங்கினார்கள்! அவள் பாலத்தடிக் கடையில், தேயவே தேயாது என்று சொன்ன கெட்டி டயர் இரண்டு. அவன் வேறெங்கோ தள்ளுபடியில், பந்தயக் காருக்குப் போடுகிற மாதிரி மெத்தென்ற டயர் இரண்டு. முதல் மழை, முதல் பிரேக், என் ரோஜாத் தொட்டி.

பாலத்தடி டயர்க் கடைக்காரருக்குப் போன் போட்டது நான்தான். தொட்டிக்கு நியாயம் வேண்டாமா? குடையோடு வந்து குனிந்து பார்த்தார். நாற்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. பால்காரி முதல் என்வரை எல்லாரும் அவருக்கு ‘அக்கா’தான். ஊசி மட்டும் ‘மேடம்’. இதை நான் முன்பே குறித்து வைத்திருந்தேன்.

“மேடம், அன்னிக்கே சொன்னேனே, முன்னாடி ரெண்டும் ஒரே மாதிரி, பின்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு.”

“சொன்னீங்க. மத்த பக்கம் என்னோடது இல்லன்னு நானும் சொன்னேன்.”

“டயருக்கு அது தெரியாதே மேடம். ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல ஸ்கேட்டிங் மாட்டிக்கிட்டு ஓடினா எப்படி இருக்கும்? நாலையும் ஒண்ணா மாத்துங்க.”

ஒன்றாக என்றால் எதை? யார் வாங்கின டயரை? மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் ஊசி திடீரென்று குரலை இறக்கி, “வித்துடலாம்டா” என்றாள்.

கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “சரிக்கா. வித்துடலாம்.”

நனைந்துகொண்டே ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். எனக்கே தொட்டி மறந்துபோய்விட்டது.

இரண்டு நாள் கழித்து டயர்க் கடைக்குப் போனேன். தற்செயலாகத்தான். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் டீயைச் சிந்திக்கொண்டிருந்தார்.

“காலையில தம்பி போன் பண்ணான்க்கா. ‘அக்கா போட்ட அதே டயரை என் பக்கமும் போட்டுடுங்க. அவகிட்ட சொல்லாதீங்க’ன்னான். சரின்னு வெச்சா, அடுத்து மேடம். ‘அவன் வாங்கினதையே என் பக்கமும் போடுங்க. அவன்கிட்ட மூச்சு விடாதீங்க.’ ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சா என்ன ஆகும், சொல்லுங்க?”

யோசித்துப் பார்த்தேன். கல்லு அந்தப் பக்கம் போயிருக்கும், சோப்பு இந்தப் பக்கம் வந்திருக்கும். என் அடுத்த தொட்டிக்கு ஆபத்து.

அவர் அப்போதே இருவரையும் கடைக்கு வரச்சொல்லி, எதிரெதிரே உட்காரவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அக்கா சுவரைப் பார்த்தாள், தம்பி தரையைப் பார்த்தான்.

“நீ ஏன்டா இறங்கி வந்தே?”

“நீ மட்டும் ஏன்க்கா வந்தே?”

“ரெண்டுமே வேணாம்” என்று கடைக்காரர் நடுவில் புகுந்தார். “மேடம் வாங்கினது மழைக்கு ஆகாது. தம்பி வாங்கினது ஒரு வருஷம் தாங்காது. நீங்க என்ன பந்தயத்துக்கா போறீங்க? ஏரிக்குப் போறீங்க. மழையில நல்லா பிடிக்கும், விலையும் மிதம், அப்படி ஒண்ணு இருக்கு. பழசு நாலையும் நானே எடுத்துக்கறேன். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்குங்க. பின்னாடிது கொஞ்சம் அகலம், அதனால விலை கூட.”

“பின்னாடி என்னோடது” என்றாள் ஊசி.

“அதெப்படி? பின்னாடி நான்தான்!”

“டேய், நான் மூத்தவ!”

“மூத்தவன்னா முன்னாடி போ!”

அவ்வளவுதான், கடை இரண்டுபட்டது. நான் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தம்பி பையைத் துழாவுவதற்குள் அவள் பின் டயருக்குப் பணத்தை நீட்டிவிட்டாள். வாங்கிய பணத்தை எண்ணிப் பார்க்கக்கூடக் கடைக்காரருக்குத் தோன்றவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழையிலேயே போனார்கள். திரும்பும்போது என் வாசலில் வேண்டுமென்றே ஒரு பிரேக். வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. “உங்க தொட்டி பத்திரம்!” என்று கத்திவிட்டுப் போனான் கண்ணாடி. உடைந்ததற்குப் பதிலாகப் புதுத் தொட்டி இன்றுவரை வரவில்லை.

மழைக்காலம் முடிந்து ஊசி டயர்க் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு பாலத்தடிக்குக் குடிபோனாள். தெருவே வாய் பிளந்தது, நான் பிளக்கவில்லை. அவர் இன்னும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார். கண்ணாடிக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. துணிக்கயிற்றின் நடு முடிச்சையும் அவன் அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை முழுதாகக் கழுவி, பாலத்தடியில் போய் ஹாரன் அடிக்கிறான். அக்கா ஓடிவந்து ஏறிக்கொள்கிறாள். சீட் இரண்டே இரண்டு ஆயிற்றே. புது மாப்பிள்ளை கடை வாசலில் நின்று கையாட்டுகிறார்.