காஸ் விளக்குகளுக்கு முன்னால் நின்ற டெஸ்மன்ட்

லேயா ஆட வேண்டிய நாளில் பாலே நடனச் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். 1996, ஜூன் மாதத்து ஞாயிறு பின்னேரம். பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில் ஏரியோரத்து உணவகமொன்றில் சமையல் வேலை செய்யும் டெஸ்மன்ட், மகளின் பாலே பள்ளி நிகழ்ச்சிக்காக அன்று லீவு எடுத்திருந்தான். மனைவி செசீலியாவை அரங்கில் இருத்திவிட்டு, மேட்டுத் தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடி, சப்பாத்துப் பையோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

பின்வாசலில் இருந்த காவலாளி, படியேறி இடப்பக்கக் கதவு என்று கையைக் காட்டினான். டெஸ்மன்ட் அந்தக் கதவைத்தான் திறந்தான்.

சூடாக ஏதோ கழுத்தில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே தேர்ச்சில்லு அகலத்தில் ஒரு சரவிளக்கு. அது நிறைய எரியும் மெழுகுதிரிகள். கீழே பழைய காலத்து மாளிகைக் கூடம் ஒன்று. பொய்முடி வைத்த ஆட்கள் கோழிக்கால் கடித்துக்கொண்டு உரத்துக் கதைத்தார்கள். நடுவில் முகமூடி போட்ட ஆண்கள் ஆடினார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண் வேடத்தில் கூடாரம் போன்ற பாவாடைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். ஒரு நாய் அவர்களுடைய கால்களுக்குள் புகுந்து ஓடியது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை.

“யேசுவே, இதுவோ பாலே?” என்று அவனுக்கு வாய்விட்டு வந்தது.

திரும்பிப் போகலாமென்று பார்த்தால் வந்த கதவைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்புப் பட்டுத் திரை ஒன்று தொங்கியது. நீளத் தடி வைத்திருந்த மெலிந்த மனிதன் ஒருவன் ஓடிவந்து அவனுடைய தோளில் தட்டினான். நடன ஆசிரியனாக இருக்க வேண்டும். அவன் பேசிய பழைய பிரெஞ்சு பாதிதான் விளங்கியது.

“இந்தியர்கள் எல்லோரும் தயார். நீ எங்கே போய்த் தொலைந்தாய்?”

அவன் காட்டிய திசையில் ‘இந்தியர்கள்’ நின்றார்கள். மண்ணிறக் களியை முகத்தில் அப்பிய ஆறேழு வெள்ளைக்காரர்கள். தலையில் தீக்கோழி இறகு. ஒருவனுடைய தோளில் செத்த கிளி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். இந்தக் கோலத்துக்கும் டெஸ்மன்ட் பிறந்த பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

“நான் இலங்கை. இந்தியாவுக்குப் பக்கத்தில். அங்கே ஒருவரும் இப்படி உடுப்பதில்லை,” என்றான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

ஆசிரியன் அவனை மேலும் கீழும் பார்த்தான். “நிறம் பரவாயில்லை. ஆனால் இந்தியனைப் போல இல்லையே,” என்று முகத்தைச் சுளித்தான். ஒரு இறகுக் கிரீடத்தை அவனுடைய தலையில் அழுத்தினான். கனமான வெல்வெட் போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக் கட்டி, தடியால் முதுகில் ஒரு குத்துக் குத்தித் திரைக்குள்ளே தள்ளிவிட்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் மெழுகுதிரியும் இல்லை, மாளிகையும் இல்லை. காஸ் மணம் மூக்கில் ஏறியது. மின்சாரம் வராத காலத்துப் பெரியதொரு நாடக அரங்கின் மேடை ஓரத்தில் அவன் நின்றான். மேடை விளிம்பு நீளத்துக்கும் காஸ் சுவாலைகள் மூடியில்லாமல் எரிந்தன. பக்கத்திரைகளுக்கு இடையில் வெள்ளை வலைப் பாவாடை அணிந்த பிள்ளைகள் நின்றார்கள். எல்லோருக்கும் லேயாவின் வயதுதான் இருக்கும். அவர்களுக்கு நடுவே உயரத் தொப்பி வைத்த கிழவர்கள் உலாவினார்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் தாடையைப் பிடித்து, சந்தையில் மாடு பார்ப்பதைப் போல முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவள் அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்மன்ட் அவளிடம் போனான். “அவர் உன்னுடைய தகப்பனா?” என்று கேட்டான்.

“இல்லை. காசு கட்டி உள்ளே வருபவர். நான் சிரிக்காவிட்டால் என்னை ஆட விடமாட்டார்கள்.” சொல்லிவிட்டு அவனுடைய கிரீடத்தைப் பார்த்து, இந்த முறை உண்மையாகவே சிரித்தாள். “நான் மரியேத். நீங்கள் எந்த நாட்டு ராசா?”

அவன் பதில் சொல்வதற்குள் வாத்தியம் மாறியது. மரியேத் மேடைக்குப் பறந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் பாவாடையின் ஓரம் சுவாலையைத் தொட்டது.

வலைத்துணி ஒரு கணத்தில் பற்றி இடுப்புவரை ஏறியது. பிள்ளை கத்திக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ஓட ஓட நெருப்பு பெரிதானது. சமையலறையில் நெருப்பைக் கண்டு பழகிய டெஸ்மன்ட் ஒன்றையும் யோசிக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்து, வெல்வெட் போர்வைக்குள் அவளைச் சுருட்டி நிலத்தில் கிடத்தி, இரண்டு கையாலும் அமத்தினான். உள்ளங்கை பொரிந்தது. விடவில்லை. கடைசியில் புகை மட்டும் வந்தது. போர்வைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டபோதுதான் அவனுக்கும் மூச்சு வந்தது.

காலில் காயத்தோடு, உயிரோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுந்து நின்று பார்த்த சனம் திரும்ப உட்கார்ந்தது. மேல்மாடத்தில் இருந்த சீமான்கள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

“அடுத்த பிள்ளை!” என்று அரங்க மேலாளர் கையைத் தட்டினார்.

அதே மாதிரி வலைப் பாவாடையோடு இன்னொருத்தி நடுங்கிக்கொண்டு வந்தாள்.

“என்ன மனுசரடா நீங்கள்!” டெஸ்மன்ட் தமிழில் கத்தினான். பிறகு பிரெஞ்சில், “விளக்கை நிறுத்துங்கள்!”

“விளக்கை நிறுத்தினால் சனம் எதைப் பார்ப்பது?”

மேலாளர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. டெஸ்மன்ட் கருகிய போர்வையை நிலத்திலிருந்து எடுத்தான். மேடை விளிம்புக்குப் போய், சுவாலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போர்வையைக் கை இரண்டிலும் விரித்துப் பிடித்தபடி நின்றான். ஆடும் பிள்ளை எந்தப் பக்கம் வந்தாளோ அந்தப் பக்கம் நகர்ந்தான். முதுகு வெந்தது. ஒவ்வொருத்தியாக எல்லாப் பிள்ளைகளும் ஆடி முடிக்கும்வரை அவன் அசையவில்லை. சனத்துக்கு அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி. “இந்திய ராசா வாழ்க!” என்று கத்தி, பூச்செண்டு எறிந்தார்கள்.

திரை விழுந்ததும் திரை இழுப்பவன் ஒருவன் அவனுடைய கையைப் பார்த்துப் பதறி, தண்ணீர் இருக்கும் அறைக் கதவைக் காட்டினான். டெஸ்மன்ட் திறந்தான். டியூப் லைட் வெளிச்சம் கண்ணில் குத்தியது.

“அப்பா! எங்க நிண்டனீங்கள்? எங்கட வகுப்பு வெளிக்கிட்டாச்சு!” லேயா அவனுடைய தோளில் கிடந்த பையைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

அவன் போய்ச் செசீலியாவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“கையில என்னப்பா?”

“நெருப்பு.”

“எந்த நெருப்பு? இண்டைக்கு வேலைக்கே போகேல்லையே!”

அவன் காதுக்குள் முழுவதையும் சொன்னான். செசீலியா கண்ணை விரித்து அவனைப் பார்த்தாள். கருகிய சட்டைக்கையை மணந்து பார்த்தாள். பிறகு கைதுடைக்கும் லேஞ்சியைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து அவனுடைய உள்ளங்கையில் சுற்றிவிட்டாள்.

திரை விலகியது. மேடையில் இருந்தவை மின்விளக்குகள். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் லேயா விளிம்புப் பக்கம் வந்தபோதெல்லாம் இருக்கையிலிருந்து பாதி எழும்பினான். பின்னால் இருந்த பெண் உஸ்ஸென்றாள். செசீலியா அவனுடைய இடுப்புவாரைப் பிடித்து இருத்தி வைத்தாள்.

பஸ் தரிப்பில் நின்றபோது லேயா கேட்டாள்: “அப்பா, நான் அந்தக் கடைசிச் சுற்று வடிவாச் செய்தனானோ?”

“தெரியேல்லைப் பிள்ளை. நான் உன்ர பாவாடையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“பாவாடையையோ?” அவளுடைய முகம் சுருங்கியது. “ஒரு வருசமாப் பழகினனான் அப்பா!”

செசீலியா மகளின் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்: “அப்பாவின்ர கையைப் பார் பிள்ளை.”

லேயா ஈரத்துணியை விலக்கிப் பார்த்தாள். உடுப்புப் பையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற சனத்தை விலகச் சொல்லி, நடைபாதையில் கையை விரித்துச் சுற்றத் தொடங்கினாள். டெஸ்மன்ட் இந்த முறை அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

பஸ் வந்து நின்றது. சாரதி கதவைத் திறந்துவிட்டு இவர்களைப் பார்த்தான்.

“நீங்கள் போங்கோ,” என்று டெஸ்மன்ட் தமிழிலேயே கையைக் காட்டினான். “பிள்ளை இன்னும் முடிக்கேல்லை.”